கத்திக்கு முந்திய படம்

புதுச்சேரியின் கனகசெட்டிக்குளம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதுபோன்ற மருத்துவமனைகளில் நோயாளிகள் கையில் வைத்திருக்கும் பெரிய ஸ்கேன் உறையை நாம் நின்று ரசிப்பதில்லை. ஆனால் கண்ணருகே கட்டி என்றால் அந்த உறைக்குள் இருக்கும் படம் ரசிக்க வேண்டிய பொருள்.

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்தான். விழி, தசைகள், பார்வை நரம்பு எல்லாம் அதற்குள், இடையெல்லாம் கொழுப்பு. சி.டி. படத்தில் அந்தக் கொழுப்பு கறுப்பாக விழுவதால் நரம்பும் தசையும் கோடு கிழித்ததுபோல் தெரிகின்றன. மூக்குப் பக்கத்து எலும்புச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இராது. கட்டி அதை அரித்திருந்தால் சி.டி. காட்டிவிடும். நரம்பு வழியே மூளைப் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். அதன் சில படங்களில் கொழுப்பு பளிச்சென்று வெளுத்துக் கட்டியை மறைக்கும். அந்த வெளுப்பை அடக்கி, மருந்து ஏற்றி மறுபடி எடுத்தால் கட்டி தனித்து ஒளிரும்.

குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயில் கதிர்வீச்சைத் தவிர்க்க எம்.ஆர்.ஐ.யையே விரும்புகிறார்கள். எந்தப் பக்கம் திறப்பது, எதைத் தொடாமல் விடுவது, விழியைக் காப்பாற்ற முடியுமா என்று கத்தி எடுக்குமுன்பே யோசிக்க வைப்பதுதான் இந்தப் படத்தின் அழகு.