சீனன்குடாவும் மணலியும்: ஒரே தாயின் இரண்டு பங்குகள்

திருகோணமலை உட்துறைமுகத்தைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினால் போதும், பங்கு முதலீட்டின் பாதிப் பாடம் முடிந்துவிடும். பிறீமாவின் மாவாலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தொட்டிகள். மூன்றும் ஊர்க்காரருக்கு வேலை கொடுக்கின்றன. ஆனால் சொந்தக்காரராகும் வாய்ப்பை மூன்றும் ஒரே மாதிரிக் கொடுப்பதில்லை. மாவாலை சிங்கப்பூர்க் குழுமம் ஒன்றின் தனியார் சொத்து. அதே குழுமத்தின் சிலோன் கிரெயின் எலிவேட்டர்ஸ் கொழும்புச் சந்தையில் இருக்கிறது, ஆனால் அது கோழித் தீவனக் கொம்பனி. ஆக, திருமலை மாவில் சுட்ட பாணை வாங்கலாம், அந்த ஆலையில் ஒரு பங்குகூட வாங்க முடியாது.

டோக்கியோ சீமெந்து அப்படியல்ல. அதில் வாக்குரிமையுள்ள பங்கு ஒன்று, வாக்குரிமையற்ற பங்கு ஒன்று என இரண்டு வகை சந்தையில் ஓடுகின்றன. இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவு. பொதுக் கூட்டத்தில் கை உயர்த்தப் போகாத ஒரு ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ அது போதும். கொழும்பில் பெரிய வங்கிகள் சிலவும் இப்படி இரட்டைப் பங்கு வைத்திருக்கின்றன. இந்தியாவில் இந்த வழக்கம் வேரூன்றவே இல்லை. குறைந்த வாக்குரிமையோடு டாட்டா மோட்டார்ஸ் வெளியிட்டிருந்த பங்குகளும் 2024இல் சாதாரணப் பங்குகளாக மாற்றப்பட்டுவிட்டன.

மூன்றாவது, எண்ணெய்த் தொட்டிகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதுதான். அவற்றில் ஒரு பகுதியைக் கையில் வைத்திருக்கும் லங்கா ஐஓசி 2003இல் இலங்கையில் கடை விரித்தது. 2004 இறுதியில் பங்கு 27 ரூபாய் வீதம் பொதுமக்களுக்கு விற்று, கொழும்புச் சந்தையில் பட்டியலானது. 75.12 சதவீதம் இன்றும் தாய்க் கொம்பனியான, இந்திய அரசின் இந்தியன் ஆயிலின் கையில் இருக்கிறது. மீதியில்தான் கொழும்புத் தரகரும் கின்னியா வியாபாரியும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியன் ஆயிலுக்கு இன்னொரு மகள் உண்டு. மணலியில் சுத்திகரிப்பாலை நடத்தும் சென்னை பெட்ரோலியம், அதாவது பழைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ். அதில் தாய்க்கு 51.89 சதவீதம். அந்தப் பங்கு மும்பைச் சந்தைகளில் விலைபோகிறது. தாயும் அங்கேதான் பட்டியலில் இருக்கிறாள்.

2022இல் இந்த மூவரும் பட்ட பாட்டை அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு, பங்கு என்பது எதன் மீதான உரிமை என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஆண்டு உலகச் சந்தையில் எண்ணெய் விலை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் ஏறியது. இந்தியாவில் ஏப்ரல் தொடக்கத்துக்குப் பிறகு பெற்றோல் பங்க் விலையை எண்ணெய்க் கம்பெனிகள் உயர்த்தவில்லை. வாங்குகிற விலை ஏற, விற்கிற விலை நிற்க, ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியன் ஆயில் 1,992 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. ஒக்டோபரில், சமையல் எரிவாயுவில் பட்ட நட்டத்துக்காக, மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் சேர்த்து 22,000 கோடியை இந்திய அரசு கொடுத்தது. மணலி மகளுக்குச் சில்லறை விற்பனைத் தலையிடி இல்லை. மசகெண்ணெயைச் சுத்திகரித்துக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது, சுத்திகரிப்பு லாபமோ கொழுத்துக் கிடந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 100 இந்திய ரூபாயை ஒட்டி நின்ற பங்கு ஜூனில் 400ஐத் தாண்டியது. ஜூலை 1ஆம் தேதி எரிபொருள் ஏற்றுமதிக்கு அரசு புதிய வரி போட்டது. பங்கு சரிந்தது.

திருகோணமலையில் கதை நேர்மாறு. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல், 2022 ஜூன் 26இல் 470 ஆனது. அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அது கதவைச் சாத்திக்கொண்டது. ஐஓசி பெற்றோல் செட்டுகளில் மட்டும் எண்ணெய் வந்தது, அதுவும் சீனன்குடாவிலிருந்து. ஆட்டோக்காரர்களும் மீன்பிடிக்காரர்களும் கானோடு இரவிரவாக வரிசையில் நின்ற அதே ஆண்டில், முந்தைய ஆண்டு 20 ரூபாயை ஒட்டிக் கிடந்த லங்கா ஐஓசி பங்கு 200ஐத் தாண்டியது. இதைக் கேட்டுப் பலருக்கு வயிறு எரிந்தது. எரிந்ததில் பிழையில்லை. ஆனால் அதே பங்கை வைத்திருந்தவர்கள் அதற்கு முந்தைய பல ஆண்டுகள், அரசு விலையைப் பிடித்து வைத்திருக்க, பெரிதாக ஒன்றும் காணாமல் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரே குடும்பம், ஒரே எண்ணெய், ஒரே ஆண்டு. ஒன்று நட்டம், ஒன்று நாலு மடங்கு, ஒன்று பத்து மடங்கு. வித்தியாசம் எண்ணெயில் இல்லை. விற்ற காசில் எவ்வளவை வைத்துக்கொள்ள அந்த நாட்டு அரசு விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. அரசு விலை வைக்கும் பொருளை விற்கும் கொம்பனியில் பங்கு வாங்குகிறவர், அந்த அரசின் குணத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பத்து மடங்கு என்றேனே, அதையும் உரசிப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய், மே மாதத்தில் 360. பழைய 20 ரூபாய் என்பது பத்துச் சதம் டொலர். புதிய 200 ரூபாய் ஐம்பத்தைந்து சதம். பத்து மடங்கு ஐந்தரை மடங்காகிவிட்டது. கொழும்புப் பணவீக்கமோ அந்தச் செப்டெம்பரில் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. இந்த இரண்டையும் கழிக்காமல் இலங்கையில் லாபம் பேசுவது சும்மா வாய்ப்பேச்சு. இந்தியச் சகோதரர்களுக்கு இந்தக் கழித்தல் இவ்வளவு கூர்மையாகத் தேவைப்படுவதில்லை. அவர்களுடைய ரூபாய் அந்த ஆண்டு முழுவதிலும் 74இலிருந்து 83 வரைதான் இறங்கியது.

இனி வாங்கும் விதம். மும்பையில் 1875இல், கொழும்பில் 1896இல் தரகர்கள் சங்கம் கூடினார்கள். அங்கே பஞ்சு வியாபாரிகளின் பணம், இங்கே தேயிலைத் தோட்டங்களுக்குத் தேடிய பணம். அந்தப் பழங்கதை போகட்டும். இன்று சென்னைக்காரர் பான் அட்டையையும் ஆதாரையும் காட்டி, பங்குகளை வைக்க டீமேட் கணக்குத் திறக்கிறார். திருமலைக்காரர் அடையாள அட்டையைக் காட்டி, அதே வேலைக்கு சிடிஎஸ் கணக்குத் திறக்கிறார். 2020 செப்டெம்பரில் கொழும்புச் சந்தையின் கைப்பேசிச் செயலி வந்தபிறகு இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. நுழைவு வாசல் இரண்டு நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது.

நுழைந்தபின் கட்டுகிற காசுதான் வேறு. ஒரு லட்சம் ரூபாய்க்கு லங்கா ஐஓசி வாங்கினால் தரகர், சந்தை, சிடிஎஸ், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு, அரசு எல்லாருமாக எடுப்பது 1.12 சதவீதம், அதாவது 1,120 ரூபாய். அதில் தரகருக்கு 640, அரசின் பரிவர்த்தனை வரி 300. விற்கும்போது மறுபடியும் அதே 1.12. ஆகவே விலை 2.3 சதவீதமாவது ஏறினால்தான் போட்ட காசு கைக்கு வரும். சென்னையில் கழிவுத் தரகர் ஒருவர் மூலம் வாங்கி, கணக்கில் வைத்துக்கொள்ளும் பங்குக்குத் தரகு பெரும்பாலும் பூச்சியம். பரிவர்த்தனை வரி நூறு, முத்திரைத் தீர்வை பதினைந்து, சில்லறை சேர்த்து லட்சத்துக்கு ஏறத்தாழ 120 ரூபாய்.

பார்த்தால் இந்தியாவே கொடுத்துவைத்தது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செலவு இல்லாத இடத்தில் கை சும்மா இருப்பதில்லை. அங்கே பங்கோடு நிற்காமல் ஃபியூச்சர், ஆப்ஷன் என்று ஒரு பெரும் கடையே திறந்து கிடக்கிறது. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது என்று இந்தியக் கண்காணிப்பு அமைப்பான செபியே ஆய்வு வெளியிட்டது. கொழும்பில் அந்தக் கடை இல்லை. இல்லாததால் தப்பியவர்கள் நாங்கள். நல்ல புத்தியால் தப்பினோம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே வருவது கடினம். கொரோனா வந்தபோது கொழும்புச் சந்தை 2020 மார்ச் 20இல் மூடி, மே 11இல்தான் திறந்தது. அதே நாட்களில் மும்பைச் சந்தை பத்துச் சதவீதம் விழுந்து முக்கால் மணி நேரம் நின்றது, பிறகு ஓடியது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்த அடுத்த வாரம், ஆணைக்குழு சந்தையை ஐந்து நாள் பூட்டியது. திறந்த அன்றே விலைகள் சரிய, அன்றைக்கும் வியாபாரத்தை நிறுத்தினார்கள். பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியச் செலவுக்கோ நாளைக்குக் காசு வேண்டும் என்று இருந்தவர் செயலியைத் திறந்து பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார். சின்னக் கொம்பனிப் பங்குகளில் பூட்டு எதுவும் இல்லாமலே இது நடக்கும். விற்பவர் பக்கத்தில் ஐயாயிரம் பங்கு நிற்கும், வாங்குபவர் பக்கத்தில் ஐம்பதுதான் நிற்கும். அதனால் எங்கள் ஊரில் “அண்ணை, ஐஓசி இன்னும் ஏறுமோ?” என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எப்ப விக்க வேணும் தம்பி?”

வரியில் மட்டும் இலங்கை தாராளம். பட்டியல் பங்கை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பங்கிலாபத்தில் 15 சதவீதம் கழித்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. இந்தியாவில் 2024 ஜூலைக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20. பொறுமைக்குச் சலுகை தரும் ஏற்பாடு அது. பொறுமையை அதிகம் கேட்கும் எங்கள் சந்தையிலோ பொறுத்தவருக்கும் பொறுக்காதவருக்கும் ஒரே பூச்சியம்தான்.

பங்கே வேண்டாம், அரசுக்குக் கடன் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்போம் என்பவர்களுக்குத் திறைசேரி உண்டியல் இருக்கிறது. 2022 இறுதியில் 91 நாள் உண்டியலுக்கு இலங்கை 33 சதவீதம் வரை வட்டி கொடுத்தது. ஓராண்டு உண்டியலுக்கு இந்தியா கொடுத்தது ஏழு சதவீதத்துக்குள். 33 என்பது அரசின் தாராளமல்ல, அதன்மேல் இருந்த அவநம்பிக்கையின் விலை. அந்த வேளையில் துணிந்து உண்டியல் வாங்கியவர்கள் தப்பினார்கள். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் பொதுமக்கள் கையிலிருந்த உண்டியல்களைத் தொடவில்லை. தொட்டது ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளை. ஒரு பங்கோ முறியோ தன் பெயரில் வாங்கியிராத துறைமுகத் தொழிலாளியும் சீமெந்து ஆலைக்காரரும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசின் வழியே, அந்தச் சுமையில் தங்கள் பங்கைச் சுமந்தார்கள். முதலீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

பிறகு வட்டி இறங்கியது. 2024 முடிவில் 91 நாள் உண்டியல் ஒன்பது சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. 2022 முடிவில் 8,500ஐ ஒட்டியிருந்த கொழும்புப் பங்குச் சுட்டெண் 15,900ஐத் தாண்டியது. வங்கி வைப்பில் வட்டி போதாமல் போனவர்கள் பங்குக்கு வந்தார்கள். வழக்கம்போல, ஏறியபிறகு வந்தவர்களே அதிகம்.

சீனன்குடாவுக்குத் திரும்புவோம். 2022 ஜனவரி 6இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி 99 தொட்டிகளில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61, இருவரும் சேர்ந்து தொடங்கிய ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் கொம்பனிக்கு, ஐம்பது ஆண்டுக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51, லங்கா ஐஓசிக்கு 49 சதவீதம். அந்தக் கூட்டுக் கொம்பனி சந்தையில் இல்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தபோது, ஊரில் மறுபடியும் பங்கு விலை பேச்சு எழுந்தது. புரிந்துணர்வில் எண்ணெய் ஊறாது. காட்டுக்குள் நிற்கும் 61 தொட்டிகளைப் புதுப்பிக்கப் பணம் யார் போடுவார், அது கடனாகவா புதிய பங்காகவா வரும், 49 சதவீதத்துக்குரிய பங்கிலாபம் எந்த ஆண்டில் தொடங்கும்? நூறு பங்கு வைத்திருக்கும் திருமலைக்காரரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்கலாம், அவருக்கு வாக்கும் உண்டு. முக்கால் பங்கு வைத்திருப்பவர் எதிர்வரிசையில் இருக்கும்வரை அந்த வாக்கு எதையும் மாற்றாது, ஆனால் பதில் கூட்டக் குறிப்பில் ஏறும்.