பெயர் பதிந்தவருக்கே வீடு

மலேசியத் தோட்டங்களைப் பற்றிய தமிழ்ப் புனைவில் லயத்து வீட்டுக்குப் பஞ்சமே இல்லை. அகிலன் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கி இன்றைய சிறுகதைகள் வரை பிரட்டுக்களம், பால்வாளி, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில் திருவிழா எல்லாம் பதிவாகியிருக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு சனங்கள் வெளியேறுவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நான் வாசித்தவரை, அந்த வீடு பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அதில் யார் இருக்கலாம், எதுவரை இருக்கலாம், அதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகள் கதைக்குள் வருவது குறைவு. கட்டுமானத் துறையில் வேலை செய்வதால் எனக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

லயம் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டதல்ல, வேலைக்காகக் கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெற்றவர் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் மட்டும் தொடர்ந்து இருக்கலாம். சிரம்பானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய என் பாட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “ஒங்க மாமா பேரு செக்ரோல்ல இருந்துச்சு, அதான் நாம அங்க இருந்தோம்.” மாமாவுக்கு டவுனில் மெக்கானிக் வேலை கிடைத்தும் அவர் போகவில்லை. அவர் போயிருந்தால் பாட்டியும் தாத்தாவும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

தோட்டத்துக் கூட்டு வாழ்க்கை என்று நாம் நெகிழ்ந்து எழுதுவதற்குள் இப்படி ஒரு பிணை இருந்தது. முதியவர்களின் கூரையை இளையவர்களின் உழைப்பு தாங்கிக்கொண்டிருந்தது. இளையவர் நகர முடியாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம். பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாசத்தை எழுதுகிறவர்கள் அதன் வாடகையையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

அதே லயம் இன்னொன்றையும் கொடுத்தது. ஆயாக்கொட்டகை. பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதுப் பெண் ஒருவர் அங்கே ஆயா. பெற்றோர் காட்டுக்குப் போனதும் பிள்ளைகள் அவரிடம். தாய்மார் விடியற்காலையில் வேலைக்கு வரவேண்டும் என்பதற்காக நிர்வாகம் செய்த ஏற்பாடுதான் அது. இருந்தாலும் முதியவருக்கு ஒரு வேலை, மரியாதை, கொஞ்சம் சம்பளம். இளம் தாய்க்கு நிம்மதி. இன்று பெருநகரத் திட்டமிடல் மாநாடுகளில் தலைமுறைகளை இணைக்கும் வடிவமைப்பு என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதன் ஏழைப் பாட்டி இந்தக் கொட்டகை.

பிறகு தோட்டங்கள் போயின. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) அங்கிருந்துதான் தொடங்குகிறது. கதை நடப்பது 1991-இல். தோட்டத்தை விட்டு வந்தவர்களின் புறம்போக்குக் குடியிருப்பில். குண்டர் கும்பல் படமாக மட்டும் அதைப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது வீட்டுடமைப் படமாகவும் தெரிகிறது. வேலையோடு கட்டப்பட்டிருந்த வீடு வேலையோடு போய்விட்டால், அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்பதையும் அந்தப் படம் கேட்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைக் காடுகள் பலவும் தாமான்களாகிவிட்டன. 1995-இல் கொமுட்டர் ரயில் வந்தபின் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் படுத்து எழும் ஊராகவும் சிரம்பான் மாறியது. 2020 ஜனவரி 1 முதல் சிரம்பானும் நீலாயும் ஒரே மாநகராண்மைக் கழகத்தின் கீழ் வந்துவிட்டன. பெயரில் மாநகர். ஆனால் புதிய தாமான்களில் ஒரு இரட்டை மாடி வரிசை வீட்டின் வரைபடத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். படுக்கையறைகள் பெரும்பாலும் மேலே. முட்டி வலிக்கிற அம்மாவுக்கு ஹாலில்தான் மெத்தை. குளியலறைக்குள் இறங்க ஒரு படி. சக்கர நாற்காலி நுழைய 80 சென்டிமீட்டர் திறப்பாவது வேண்டும். பல கதவுகள் அதற்கு விடாது.

மலிவு விலை அடுக்குமாடிகளின் கதை வேறு. அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு என்றால் 700 சதுர அடி, மூன்று அறைகள். அப்பா, அம்மா, பள்ளிப் பிள்ளைகள் என்ற குடும்பம் மட்டுமே அந்த அளவுக்குள் யோசிக்கப்பட்டிருக்கிறது. தனியாக வந்து ஃபேக்டரியில் வேலை செய்கிற இருபத்து மூன்று வயதுக்காரருக்கோ, கணவரை இழந்த எழுபது வயதுக்காரருக்கோ தோதான அளவு அதில் கிடையாது. பழைய நான்கைந்து மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்டும் இல்லை. மேலே குடியிருக்கும் கிழவர் கிளினிக் போகும் நாளில் மட்டும் கீழே இறங்குகிறார்.

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. நல்ல காரியம்தான். செனவாங்கிலோ நீலாயிலோ வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது தேவை. ஆனால் அதன் விதிகளில் தொழிலாளி ஒரு கட்டில். வரிசைக் கட்டில்கள் போட்ட தங்குமிடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர். வேலை போனால் கட்டிலும் போகும். லயத்தின் விதி ஆள் மாறி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்குள்ள ‘கம்போங் அட்மிரல்டி’யில் முதியோருக்கு 104 வீடுகள், அதே கட்டடத்தில் மருத்துவ மையம், உணவங்காடி, முதியோர் மையத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையம். ரயில் நிலையம் அடுத்த வாசல். ஆயாக்கொட்டகையின் யோசனை அங்கே கண்ணியமாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் இளம் தொழிலாளி அந்தக் கட்டடத்தில் குடியிருப்பதில்லை. பெற்றோருக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 2015 முதல் மானியம் உண்டு. அதற்கும் உறவு வேண்டும். லயத்தில் இருக்க செக்ரோல் கேட்டார்கள், இங்கே இரத்த பந்தம் கேட்கிறார்கள். ஆயாவுக்கும் அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளுக்கும் நடுவில் இரண்டுமே தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தது போதுமாயிருந்தது.

சிரம்பான் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு கட்டடம் போதும், தொடங்கிப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் படியில்லாத சிறு வீடுகள் முதியவர்களுக்கு. மேலே வாடகை அறைகள் இளையவர்களுக்கு. நடுவில் எல்லோரும் கடந்துபோக வேண்டிய அகலமான தாழ்வாரம், அதை ஒட்டி ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையம். வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில். ஒருவர் வேலையை விட்டாலும் இன்னொருவரின் கூரை போகக் கூடாது. பொறியியலில் இதில் கஷ்டமான பகுதி எதுவும் இல்லை.

இதெல்லாம் இலக்கியத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்தைப் பற்றிய நம் ஏக்கம்தான் ‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்னா இருந்தோம்’ என்ற வாக்கியத்தை உயிரோடு வைத்திருக்கிறது. இன்று பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் போய்விட்டார்கள் என்ற பழியை இளையவர் தலையில் போடுவதும் அதே வாக்கியம்தான். ஒன்றாக இருக்க வைத்தது எது என்று எழுதாமல், பிரிந்ததற்கு மட்டும் கதை எழுதுவது நியாயமில்லை. அடுத்து வரும் தோட்ட நாவல் செக்ரோலில் பெயர் பதிகிற அந்த மேசையிலிருந்து தொடங்கட்டும். நான் முதல் ஆளாக வாங்கி வாசிப்பேன்.