கொடிமலையில் ஒத்திகை

ஜார்ஜ்டவுனில் ஆண்டு முழுதும் பருத்திதான். ஜனவரியில் ஸ்ரீநகர் கிளம்பும் பினாங்குத் தமிழருக்குப் பண்டல் கடைதான் துணை. பழைய துணிக் குவியலுக்குள் கைவிட்டால் விரலே சொல்லிவிடும்: செயற்கை நூல் வழுக்கும், ஆட்டுக் கம்பளி மெல்லக் குத்தும். ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டியை இழுத்து விடுங்கள்; சட்டென்று சுருங்க வேண்டும். தளர்ந்திருந்தால் குளிர் அந்த வழியாகவே நுழையும்.

குளிருக்கு ஒத்திகை பார்க்கப் பினாங்கிலேயே கொடிமலை இருக்கிறது. 833 மீட்டர் உயரம்; 1923 முதல் மலை ரயில். உச்சியில் அடிவாரத்தைவிட ஏறக்குறைய 5 டிகிரி வெப்பம் குறைவு. அங்கே அந்த ஸ்வெட்டர் ஒன்றே போதும்.

ஸ்ரீநகர் வேறு. டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லை கலான்' என்னும் கடுங்குளிர். இரவில் தண்ணீர் உறையும். உடலை ஒட்டிய உள்சட்டை, நடுவே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் அங்கி என மூன்றடுக்கு வேண்டும். அடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் உடல்சூட்டைக் காக்கிறது. காஷ்மீரிகளின் 'பெரன்' என்னும் தொளதொளத்த அங்கியிலும் இதே கணக்குதான். உள்ளே காங்ரி என்னும் கணப்புச் சட்டியும் சேரும்.

திரும்பி வந்ததும் ஸ்வெட்டரை நன்றாக உலர்த்தி, அந்துருண்டையோடு மடித்து வையுங்கள். நல்ல கம்பளி பிள்ளைகளுக்கும் உழைக்கும்.