எதிரெதிரே ரெண்டு பேர், நடுவே 52 சீட்டு

சீட்டாட்டத்துக்கே ராஜா எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். ஹெட்ஸ்-அப் போக்கர்தான். ஒன்பது பேர் சுற்றி உட்காரும் போக்கரைச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒருவர், ரெண்டே பேர். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடி வரும். நடுவில் முதலில் 3, அப்புறம் 1, கடைசியாக 1 என்று 5 சீட்டு திறக்கும். ஃபிளாப், டர்ன், ரிவர் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் சிப்பை ஏற்றலாம், ஈடு கட்டலாம், மடக்கிவிட்டு அடுத்த கைக்குப் போகலாம். விதி அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடுவதற்குள் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் உள்ளே இறங்க இறங்க ஆழம் போய்க்கொண்டே இருக்கிறது பாருங்கள், அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வரியும் வராது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியைப் படித்துப் படித்து நொந்த மாநிலம் நம்முடையது. 2022-ல் சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமோ, திறமையாக இருந்தாலும் அதிர்ஷ்டமாக இருந்தாலும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்று மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டது. நல்ல காரியம் என்றே சொல்வேன். எங்கள் ஆட்டம் முழுக்க இலவசச் சிப்பில், நண்பர்கள் மட்டும் நுழையக்கூடிய தனி மேசையில்.

இலவசச் சிப்புக்கு என்ன மதிப்பு, ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், சும்மா ஆடினால் அப்படித்தான் ஆகும். அதற்கு மருந்து நாக்-அவுட் போட்டி. ஆளுக்கு 1,500 சிப்பு, தீர்ந்தால் வெளியே, அடுத்த சீசன் வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இப்படி வைத்துப் பாருங்கள், ஒரு ரூபாய்கூட இல்லாத மேசையில் ஆள் எப்படி நிமிர்ந்து உட்காருகிறான் என்று! அமெரிக்காவில் 2005-ல் என்.பி.சி. தொலைக்காட்சி 64 பேரை வைத்து இதே பாணியில் ஒரு ஹெட்ஸ்-அப் சாம்பியன்ஷிப் நடத்தியது. ஃபில் ஹெல்முத் ஜெயித்தார். எங்களுடையது 16 பேர், 4 சுற்று.

ஆட்டம் பொங்கலுக்கு அப்புறம்தான். சிவகாசியில் அச்சகத்தில் இருப்பவனுக்கு ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி முடியும்வரை தலை நிமிர நேரம் கிடையாது. பட்டாசுக் கடைக்காரருக்குத் தீபாவளி வரைக்கும் ஓட்டம், அதற்கப்புறம் கணக்கு வழக்கு. தை பிறந்தால்தான் எல்லோருக்கும் ராத்திரி ஒன்பது மணி ஒரே நேரத்தில் வரும். சாத்தூர், திருத்தங்கல், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அவரவர் வீட்டிலிருந்தே ஆடுவோம். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டியில் இருக்கும் என் மச்சான்தான் இதில் பெரிய கை.

சரி, உத்திக்கு வருகிறேன். கைவிரல் துறுதுறுக்கிறது.

ஒன்பது பேர் மேசையில் நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாக மடக்கிக்கொண்டு இருக்கலாம். ஹெட்ஸ்-அப்பில் அந்தப் பேச்சே இல்லை. சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் சின்ன பிளைண்ட், இன்னொருவர் பெரிய பிளைண்ட் என்று ஒவ்வொரு கைக்கும் சிப்பு வைத்தாக வேண்டும். காத்திருந்தால் கரைந்துபோவீர்கள். 52 சீட்டில் ரெண்டு சீட்டுச் சேர்க்கை 1,326. கையிலேயே ஜோடி வருவது 17-க்கு ஒரு தடவை. ரெண்டு ஏஸ் வருவது 221-க்கு ஒரு தடவை. அதுவரை என்ன செய்வது? வந்ததை வைத்து ஆட வேண்டும். அங்கேதான் இந்த ஆட்டம் என்னை வளைத்துப் போட்டது. மோசமான சீட்டோடு வாழக் கற்றுக்கொடுக்கும் சீட்டாட்டம் வேறு எனக்குத் தெரியாது.

மோசமான சீட்டு என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. எதிரில் இருப்பது ஒரே ஆள். அவருக்கும் அதே பஞ்சம்தான். ராணியும் 7-ம் வந்தால் ரம்மிக்காரர் முகம் சுளிப்பார். ஹெட்ஸ்-அப்பில் அது நட்டநடுக் கை. எதிராளியிடம் எது இருந்தாலும் சரி என்று கணக்குப் போட்டால் பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவரோடு 7-2 மோதினால்கூட மூன்றில் ஏறக்குறைய ஒரு தடவை 7-2 தப்பித்துவிடும். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஜோடியில்லாத ரெண்டு சீட்டோடு ஃபிளாப்பைப் பார்த்தால், ஒரு ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். அப்படியென்றால் எதிராளிக்கு மூன்றில் ரெண்டு தடவை ஒன்றுமே சேர்ந்திருக்காது! நடுவில் இருப்பதில் பாதிச் சிப்பை வைத்து ஏற்றினால், மூன்றில் ஒரு தடவை அவர் மடக்கினாலே கைக்கு நஷ்டமில்லை. இது மண்டையில் ஏறிய ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தது பட்டன், அதாவது சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வட்டு. ஹெட்ஸ்-அப்பில் பட்டன் வைத்திருப்பவர் சின்ன பிளைண்ட் போடுவார்; முதல் சுற்றில் முதலில் பேசுவார்; ஃபிளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் அந்த வசதிக்கு விலை உண்டா? உண்டு, அளந்தே சொல்லிவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியில், பந்தய அளவுக்கு வரம்பு வைத்த ஹெட்ஸ்-அப் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுத் தீர்வையே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவர்களுடைய செஃபியஸ் என்ற நிரலின் கணக்குப்படி, இரண்டு பேரும் பிசகாமல் ஆடினால் பட்டனில் இருப்பவருக்குக் கைக்குப் பெரிய பிளைண்டில் 0.088 பங்கு லாபம். பார்க்கச் சின்ன எண்ணாகத் தெரியும். 100 கையில் 9 பெரிய பிளைண்ட்! ஆகவே பட்டன் உங்களிடம் இருக்கும்போது பத்தில் எட்டுக் கைக்காவது ஏற்றுங்கள். இல்லாதபோது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது? எங்கள் ஊர்த் தொழிலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. சிவகாசியில் சீட்டுக்கட்டு அச்சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய தாளில் வரிசை வரிசையாக ராஜாவும் ராணியும் விழும்; பளபளப்புப் பூசி, வெட்டி, முனையை உருட்டிக் கட்டாக அடுக்குவார்கள். முன்பக்கத்து ராணியின் அழகைவிட முதுகுப்பக்கத்துக்குத்தான் அங்கே அத்தனை கண்காணிப்பு. முதுகில் இருக்கும் கட்டத்தின் ஓரம் ஒரு சீட்டில் மட்டும் ஒரு மயிரிழை நகர்ந்து வெட்டுப்பட்டாலும் அந்தச் சீட்டு அடையாளம் காட்டிவிடும், கட்டே வீண். உங்கள் பந்தயமும் அந்த முதுகு மாதிரி இருக்க வேண்டும். ரெண்டு ஏஸ் வந்தால் மூன்று மடங்கு, 9-8 வந்தால் ரெண்டு மடங்கு என்று ஏற்றினால், கூர்மையான எதிராளி பத்தே கையில் சீட்டைத் திறந்து பார்த்ததுபோல் ஆடுவார். எது வந்தாலும் ஒரே அளவு ஏற்றுங்கள். நேரமும் அப்படியே. ஆன்லைனில் முகம் தெரியாது. ஆனால் ஆள் யோசிக்கும் நொடிகள் தெரியும். நல்ல சீட்டுக்குப் பட்டென்று தட்டி, மட்டச் சீட்டுக்கு இழுத்து இழுத்து யோசித்தால் போச்சு.

பிளஃப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. ஒன்றுமில்லாத கையை வைத்து இருப்பதுபோல் ஏற்றுவதை வீரம், திமிர், நடிப்பு என்றெல்லாம் நினைக்கிறோம். கணிதவியலாளர் ஜான் வான் நாய்மான் அதைக் கணக்கு என்றார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து அவர் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் வரும் முடிவு அபாரமானது: பிளஃப் செய்ய ஏற்றது நடுத்தரக் கை இல்லை, இருப்பதிலேயே மட்டமான கை! நடுத்தரக் கைக்குத் திறந்து காட்டினால் ஜெயிக்கும் வாய்ப்புக் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும். மட்டக் கைக்கு வேறு வழியே இல்லை. அதனால் அதுதான் துணிய வேண்டும். எத்தனை தடவை துணிவது என்பதற்கும் கணக்கு உண்டு. ரிவரில் நடுவில் இருக்கும் அளவுக்கே முழுப் பந்தயம் வைக்கிறீர்களா? அப்படி வைப்பதில் மூன்றில் ஒன்று பிளஃபாக இருக்கட்டும். பாதி அளவு வைத்தால் நாலில் ஒன்று. எந்த ஒன்று என்று மனம்போன போக்கில் முடிவெடுத்தால் பழக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நான் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்ப்பேன். 12-க்கும் 4-க்கும் நடுவில் நின்றால் பிளஃப், மற்ற இடத்தில் நின்றால் பேசாமல் விட்டுவிடுவது. எதிராளியால் எப்படிக் கணிக்க முடியும்? எனக்கே தெரியாதே!

மச்சானோடு ஆடிய ஓர் இறுதிச் சுற்றில் வந்த கை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. பிளைண்ட் 25, 50. இருவரிடமும் 1,500. அவர் பட்டனில் 100-க்கு ஏற்றினார். என்னிடம் ஆட்டின் 7, கிளாவர் ராணி, ஈடு கட்டினேன். நடுவில் 200. ஃபிளாப்பில் டைமன் ராஜா, கிளாவர் 7, இஸ்பேடு 2. நான் பந்தயம் வைக்காமல் சும்மா விட்டேன், அவரும் சும்மா விட்டார். டர்ன், டைமன் 4. நான் விட, அவர் 100 வைத்தார், கட்டினேன். நடுவில் 400. ரிவரில் ஆட்டின் 2. நான் விட்டேன். அவர் முழு 400-ஐத் தள்ளினார்.

என் கையில் 7 ஜோடிதான். 400 போட்டால் 800 வரும். மூன்றில் ஒரு தடவை சரியாக இருந்தால் போதும். கதையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ராஜா வைத்திருந்தால் மச்சான் ஃபிளாப்பிலேயே விடமாட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, முந்தைய ஆட்டங்களில் குறித்தே வைத்திருக்கிறேன். டர்னில் ரெண்டாவது டைமன் விழுந்ததும்தான், ஐந்து டைமன் சேரும் ஆசையில் அவருக்கு உயிர் வந்தது. ரிவரில் டைமன் வரவில்லை. கட்டினேன். திறந்தார்: டைமன் ஜாக்கி, டைமன் 10. ஒன்றுமே சேராத வெறுங்கை!

போன் அடித்தது. "ஏ மாப்ள, வெறும் ஏழை வச்சுக்கிட்டா கட்டுன?"

"மச்சான், ராஜா இருந்தா நீங்க ஃபிளாப்லயே அடிச்சிருப்பீங்கள்ல!"

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு! அவர் 900, நான் 2,100. அடுத்த தடவை ராஜாவை வைத்துக்கொண்டே ஃபிளாப்பில் சும்மா விட்டு என்னைச் சாய்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மாற, நான் மாற, மறுபடி அவர் மாற என்று ஒரே ஆளோடு இப்படி மாறிக்கொண்டே போகும் ஆட்டம் ஹெட்ஸ்-அப்பைத் தவிர எங்கே கிடைக்கும்?

இயந்திரத்தோடு மோதினாலும் இதே கதைதான். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், ஹெட்ஸ்-அப்பில் பேர்போன நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கை ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்பு முன்னிலையோடு ஜெயித்தது. டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கியது. பகலில் தன்னிடம் எந்த ஓட்டையை மனிதர்கள் தேடிப் பிடித்தார்களோ, அதை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துக்கொண்டு மறுநாள் வந்து உட்காருமாம். நடுவில் இருப்பதைப்போலப் பல மடங்கு பந்தயத்தை அது சர்வசாதாரணமாக வைத்ததைப் பார்த்துத்தான் நாங்களும் பெரிய பந்தயத்துக்கு அஞ்சுவதை விட்டோம்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம் பற்றி. பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். குறைவாக இருப்பவரிடம் 10 பெரிய பிளைண்ட் அளவுக்கு வந்துவிட்டால் நுணுக்கத்துக்கு இடமில்லை; சின்ன பிளைண்டில் இருந்தால் மொத்தத்தையும் தள்ளு, இல்லாவிட்டால் மடக்கு. கணக்குப்படி அங்கே பாதிக்கும் மேற்பட்ட கைகளைத் தள்ளலாம்: எந்த ஏஸும், எந்த ராஜாவும், எந்த ஜோடியும். எதிரில் ஈடு கட்டுபவரோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான கைகளோடுதான் கட்டலாம். தள்ளுபவருக்கு ஜெயிக்க ரெண்டு வழி, கட்டுபவருக்கு ஒரே வழி என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். முதல் சுற்றில் வெளியேறுபவர்களைக் கவனித்தால், பாதிப்பேர் இந்த இடத்தில் தயங்கித் தயங்கி 4 பிளைண்டுக்கு இறங்கி, தள்ளினாலும் எதிராளி அஞ்சாத நிலைக்கு வந்தவர்கள்தான்.

இந்தத் தைக்கு 32 பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு சுற்று கூடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லியிருப்பது இதுதான்: போனைத் தொடுமுன் கடையில் ஒரு நிஜச் சீட்டுக்கட்டு வாங்குங்கள். ஜோக்கரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, தீப்பெட்டிக் குச்சியைச் சிப்பாக வைத்து ஆடுங்கள். பட்டன் வரும்போதெல்லாம் சீட்டைப் பார்க்காமலேயே ஏற்றுங்கள். எத்தனை தடவை எதிராளி மடக்குகிறார் என்று ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், மிச்சத்தை விடிய விடியப் பேசலாம்.