கிணற்றுக்கு மேலே ஐந்தரை நொடி

மேட்டுக் கல்லை விட்டுக் கால் கிளம்பியதிலிருந்து உடம்பு தண்ணீரைத் தொடும்வரை ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். இருபதடி கீழே தண்ணீர் கிடக்கும் எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் பையன்கள் குதிப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒரு நொடியைக் கம்ப்யூட்டரில் ஐந்தரை நொடியாக விரித்துப் பார்த்த இரவில்தான் தெரிந்தது, இத்தனை வருடமும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

இதற்கு லட்ச ரூபாய் கேமரா தேவைப்படவில்லை. என்னிடம் இருப்பது 2011-இல் வந்த கேனான் 600டி, அதுவும் பழையதாக வாங்கியது. முழு ஹெச்டியில் இது நொடிக்கு 30 பிரேம்தான் எடுக்கும். ஆனால் மெனுவில் 720-க்கு இறங்கினால் 60 பிரேம் கிடைக்கும். அந்த 60-ஐ 24 பிரேம் டைம்லைனில் பரப்பினால் ஒரு நொடி இரண்டரை நொடியாகிறது. இதில் மென்பொருளின் கற்பனை எதுவும் கிடையாது. அத்தனையும் கேமரா உண்மையாகவே பார்த்த பிரேம்கள். எத்தனை வருடமாக இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டே தொடாமல் இருந்திருக்கிறேன்!

அடுத்தது ஷட்டர். 60 பிரேமுக்கு 1/125 வைப்பதுதான் வழக்கம். அசைவு கண்ணுக்கு இயல்பாக, லேசாகக் குழைந்து தெரியும். நான் 1/1000-க்கு ஏற்றினேன். தெறிக்கிற தண்ணீர் கோடு கோடாக இழுபடாமல் துளித்துளியாக நிற்க வேண்டுமே! இவ்வளவு வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். மே மாதத்துப் பதினோரு மணி வெயில் அதை அள்ளி அள்ளிக் கொடுத்தது. கிட் லென்ஸை 18 எம்எம்மில் வைத்து எஃப் 4, ஐஎஸ்ஓ 200. இந்த கேமராவில் வீடியோ ஓடும்போது ஃபோகஸ் தானாகப் பின்தொடராது என்பதால், குதிக்கப்போகும் பையனை முதலில் விளிம்பில் நிற்க வைத்து, திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டேன். கேமரா எதிர்க்கரையில், ட்ரைபாடில். வெயில் அவன் முதுகுப் பக்கம். அவனுக்குப் பின்னால் நிழல் விழுந்த கிணற்றுச் சுவர், கரும்பலகை மாதிரி.

அடுத்த டேக்கில் 55 எம்எம்முக்கு ஸூம் செய்து காலை மட்டும் எடுத்தேன். எனக்கு உயிரானது அந்த ஷாட்தான். குதிகால் எழும்பிவிட்டது, முழங்கால் நிமிர்ந்துவிட்டது, கட்டைவிரல் மட்டும் கல்லை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்துகிற இடத்தில் நகத்தின் ரத்தம் விலகி வெளுக்கிறது. பிறகு அதுவும் விடுகிறது. விட்ட இடத்தில் ஈரமான ஐந்து விரல் தடம். இன்னொரு டேக்கில் அவன் விழுந்துகொண்டிருக்க, அரைஞாண் கயிறு இடுப்பை விட்டு மேலே எழும்பி, அதில் கோத்த தாயத்து தனியாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இதையெல்லாம் வெறுங்கண்ணால் யார் பார்த்திருக்கிறார்கள்?

தண்ணீர் செய்வது இன்னும் பெரிய அதிசயம். ஆள் உள்ளே போனதும் முதலில் அது கிண்ணம்போலக் குழிந்து திறக்கிறது, விளிம்பில் மகுடம் கட்டுகிறது. குழி மூடிய பிறகுதான், ஆள் அடியில் இருக்கும்போது, நடுவிலிருந்து ஒரு தூண் விர்ரென்று மேலே கிளம்புகிறது. நாம் பெரிய தெறிப்பு என்று கைதட்டுவது இந்த இரண்டாவது தூணுக்குத்தான்! அமெரிக்காவின் எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-இல் மின்னல் வேக விளக்கொளியில் எடுத்த பால்துளி மகுடம் உலகப் புகழ் பெற்ற படம். அந்த மகுடத்தின் பெரிய அண்ணனை எங்கள் கிணற்றிலேயே பார்த்துவிட்டேன்.

எடிட்டிங் டாவின்சி ரிசால்வில், இலவசப் பதிப்பில். கிளிப்பின் பிரேம் ரேட்டை 24 ஆக மாற்றியதுமே 66 பிரேம் கொண்ட அந்தப் பாய்ச்சல் இரண்டே முக்கால் நொடிக்கு நீண்டுவிட்டது. வேகத்தை மேலும் பாதியாக்க ஆப்டிகல் ஃப்ளோ. அடுத்தடுத்த இரண்டு பிரேம்களில் ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணக்குப் போட்டு, இடையில் இல்லாத பிரேமை அது வரைந்து கொடுக்கிறது. பின்னணி வெறும் சுவராக இருந்ததால் அந்தரத்தில் இருக்கும் பையன் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கினான். தெறிக்கும் தண்ணீரில் மட்டும் இதைத் தொடவே கூடாது. துளிகள் நொடிக்கு நொடி பிறந்து மறைவதால் கணக்கு குழம்பி, தண்ணீர் ஜவ்வாக இழுபடுகிறது. ஆகவே உடம்புக்கு ஆப்டிகல் ஃப்ளோ, தண்ணீருக்கு அசல் பிரேம்கள். வெட்டு, கால் தண்ணீரைத் தொடும் அந்தப் பிரேமில். கையோடு தனியாகப் பதிந்து வைத்திருந்த கிணற்றுச் சத்தத்தை அடியில் சேர்த்ததும் காட்சிக்கு உயிர் வந்துவிட்டது.

ராத்திரி டீக்கடையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. 60 பிரேம், 1/125 வைத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடும். கேமராவை PAL வீடியோ முறைக்கு மாற்றி 50 பிரேம், 1/100 வைத்தேன். பட்டை போயே போச்சு. மாஸ்டர் ஆற்றிய டீ நாடாவாகக் கிளம்பி, முறுக்கிக்கொண்டு, கடைசியில் முத்து முத்தாகப் பிரிந்து விழுந்தது.

மறுநாள் லேப்டாப்பைக் கிணற்று மேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். ஈரத் தலைகள் ஏழெட்டு திரையை மொய்த்துக்கொண்டன. குதித்த பையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். “அண்ணே, நான் மிதக்குறேன்ணே! இன்னொரு தடவ போடுங்கண்ணே.” பதினோரு தடவை போட்டோம்.

அலமாரியில் தூங்கும் பழைய டிஎஸ்எல்ஆர் உங்களிடமும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை ஏற்றுங்கள். 720-க்கு இறக்கி 60 பிரேம் வையுங்கள், ஷட்டரை 1/1000-க்கு ஏற்றுங்கள், வெயில் ஏறியதும் தண்ணீர் இருக்கும் பக்கமாகப் போங்கள்.