பானெட்டைத் திறக்கும் முன்பும் பின்பும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை 1991-ன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ரசிகர்கள் அதை எஃப்டி என்றே அழைப்பார்கள். கோலாலம்பூரிலோ மெல்பர்னிலோ ஒரு கார் கண்காட்சியில் அதைப் பார்க்க நேர்ந்தால், எடுத்தவுடன் பானெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். உரிமையாளர் சம்மதித்தால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே முன்னால் பாருங்கள். இரு பக்கமும் சக்கரங்களுக்கு மேலே தகடு மேடாக எழுந்திருக்கும். நடுவே பானெட் சரிந்து கீழே போய்விடும். அவ்வளவு தாழ்வாக ஒரு பானெட் இறங்க வேண்டுமென்றால், அதற்குக் கீழே இருக்கும் இன்ஜின் குள்ளமாக இருந்தாக வேண்டும். இருக்கிறது. 1,308 சிசி, இரண்டு ரோட்டர்கள், பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. அதையும் முன் சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. மொத்தக் காரும் இந்த ஒரு இன்ஜினை நம்பி வரையப்பட்டது.

பழைய பெர்ஃபாமன்ஸ் கார்களில் இன்ஜினை மாற்றலாமா, பிறந்தபடியே காப்பாற்ற வேண்டுமா என்ற சண்டை கார்ப் பிரியர்களிடையே ஓய்வதே இல்லை. எஃப்டி விஷயத்தில் அது உச்சத்துக்குப் போகும். இந்தக் காரின் ரோட்டரி இன்ஜினைக் கழற்றிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வி8-ஐ ஏற்றுவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒரு கட்சி அதைத் துரோகம் என்கிறது. இன்னொரு கட்சி, தினமும் பயந்து பயந்து ஓட்டுவதிலிருந்து கிடைத்த விடுதலை என்கிறது. எந்தக் கட்சியில் சேருவதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த உடல் எந்த இன்ஜினுக்காக வரையப்பட்டது, இப்போது உள்ளே இருப்பது அதோடு ஒத்துப்போகிறதா? இந்தக் கேள்வியோடு பார்த்தால் ஒரிஜினல் காரையும் ரசிக்கலாம், மாற்றிய காரையும் ரசிக்கலாம். இரண்டும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரோட்டரியின் கதை கொஞ்சம் தெரிந்தால் காது தானாகவே கூர்மையாகும். யோசனை ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. என்எஸ்யூ நிறுவனத்திடம் உரிமம் வாங்கியது ஹிரோஷிமாவின் மாஸ்டா. 1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினீயர்கள் இதோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தார்கள். இடை ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள். அவை அதிர்ந்து உரசி, கூட்டின் உள்சுவரில் அலை அலையாகத் தழும்பு போட்டன. பேயின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கார்பனும் அலுமினியமும் சேர்ந்த சீல் அந்தப் பேயை விரட்டியது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும் மாஸ்டா விடவில்லை. 1991 ஜூனில் நான்கு ரோட்டர்கள் கொண்ட 787பி, லே மான்ஸ் 24 மணி நேர ரேஸை வென்றது. ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது. அதே வருடம் பிறந்த கார்தான் எஃப்டி.

இப்போது கேட்கப் பழகுவோம். ரோட்டரி என்றால் 'ப்ராப் ப்ராப் ப்ராப்' என்று விட்டு விட்டு வெடிக்கும் ஐடிலிங்தான் பலருக்கு ஞாபகம் வரும். வீடியோக்களில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் எஃப்டி அப்படிச் சத்தம் போடாது. சாதுவாக முனகிக்கொண்டு நிற்கும். காற்று உள்ளே வரும் துளைகளை அறுத்துப் பெரிதாக்கினால், புதுக் காற்று வரும் வழியும் புகை போகும் வழியும் ஒரே நேரத்தில் நெடுநேரம் திறந்திருக்கும். குறைந்த வேகத்தில் பழைய புகை புதுக் கலவையைக் கெடுத்துவிடும். ஒரு சுற்று எரியும், அடுத்தது எரியாது. அந்தத் தடுமாற்றத்தின் தாளம்தான் 'ப்ராப்'. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் 'ப்ராப்' சொல்லும் காரைக் காட்டி 'இதுதான் சுத்தமான ஒரிஜினல்' என்று யாராவது பெருமைப்பட்டால், அதன் இன்ஜினும் கத்தி பட்டதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரிஜினலின் அழகு வேகம் ஏறும்போதுதான் தெரியும். மேலும் கீழும் போய் வரும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு. சாதாரணப் பிஸ்டன் இன்ஜின் 6,000 ஆர்பிஎம் தாண்டும்போது 'போதும்' என்று உடம்பாலேயே சொல்லும், ரோட்டரி சொல்லாது. அதனால்தான் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்க ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் பக்கத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் டர்போக்களைக் கவனியுங்கள். இரண்டு டர்போக்களும் ஒரே நேரத்தில் முழு வேலைக்கு வருவதில்லை. கீழ் வேகத்தில் ஒன்று மட்டும். 4,500 ஆர்பிஎம் வாக்கில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். அந்தக் கைமாற்றத்தில் பூஸ்ட் அழுத்தம் 10 பிஎஸ்ஐ-யிலிருந்து 8-க்கு ஒரு கணம் இறங்கி மறுபடி 10-க்கு ஏறும். முதுகில் ஒரு தள்ளல், அரை மூச்சு இடைவெளி, மறுபடி ஒரு தள்ளல். எத்தனையோ எஃப்டி-களில் இந்த அமைப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பெரிய டர்போவைப் போட்டுவிட்டார்கள். எனவே அந்த அரை மூச்சு இடைவெளியைச் சரியாகக் காட்டும் கார் கிடைத்தால் அதை ஓர் அபூர்வமாகவே மதியுங்கள்.

பிறகு ஏன் கழற்றுகிறார்கள்? வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ரோட்டரியில் எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நடக்கிறது. மறுபக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றை வாங்குகிறது. அலுமினியக் கூடுகளும் இரும்புத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. சூடு அளவு மீறினால் இரண்டு உலோகமும் வேறு வேறு அளவில் விரியும், கூலன்ட் சீல் போய்விடும். கலவையில் பெட்ரோல் குறைந்து நாக்கிங் வந்தால் ஏபெக்ஸ் சீல் நொறுங்கும். சீலுக்கு மசகு வேண்டும் என்பதால் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை நான்கடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிவிட்டிருக்கும். இதையெல்லாம் தெரிந்து பராமரிப்பவர் கையில் இது நல்ல இன்ஜின். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கை மாறும்போது அந்த அறிவு கூடவே மாறுவதில்லை. அங்கேதான் வி8 உள்ளே நுழைகிறது.

1997-ல் கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ்1 முழுக்க அலுமினியம், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். கேம்ஷாஃப்ட் சிலிண்டர்களுக்கு மேலே இல்லாமல் பிளாக்கின் உள்ளேயே இருப்பதால் தலைப்பகுதி சிறியது. 5.7 லிட்டர் என்ற எண்ணைப் பார்த்து நாம் கற்பனை செய்யும் உருவத்தைவிட நிஜ உருவம் குறைவு. எஃப்டி-யின் சின்ன அறைக்குள் அது போய் உட்காருகிறது. டர்போக்களையும் அவற்றின் குழாய்களையும் சேர்த்துக் கழற்றிவிடுவதால் எடையும் பயப்படும் அளவுக்குக் கூடுவதில்லை. காரின் எடைச் சமநிலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பார்க்காமலே சொல்வது நியாயமில்லை.

இப்படி மாற்றிய காரை எப்படிப் பார்ப்பது? இன்ஜின் பளபளப்பை விட்டுவிட்டு அடியில் குனியுங்கள். ஒரிஜினல் எஃப்டி-யில் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரென்ஷியலையும் இணைக்கும் ஒரு நீளமான சட்டம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியில் சக்கரம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். எல்எஸ் கூட வரும் ஆறு கியர் பாக்ஸை வைக்க அந்தச் சட்டத்தை எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு டிஃபரென்ஷியலை எதில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல கைவேலை என்றால் அதற்கென்றே செய்த சப்ஃபிரேம் இருக்கும், வெல்டிங் கோடு சீராக ஓடும். மோசமான வேலை என்றால் அவசரத்தில் ஒட்டவைத்த பிராக்கெட் இருக்கும். அடுத்து டேஷ்போர்டு. ஒரிஜினல் மீட்டர்கள் புது இன்ஜினோடு சரியாகப் பேசுகின்றனவா? ஏசி வேலை செய்கிறதா? பானெட்டை வெட்டாமல் மூட முடிகிறதா? சேஸியில் எங்காவது அறுத்திருக்கிறார்களா? எதையும் அறுக்காமல், நாளைக்கே ரோட்டரி திரும்பி வரலாம் என்னும்படி செய்தவர், அந்தக் காரை உண்மையாகவே மதித்தவர்.

ஓட்டும்போது கார் வேறு பிறவி. ரோட்டரியை உயர்ந்த ஆர்பிஎம்-மிலேயே உயிரோடு வைத்திருக்க வேண்டும். வி8-ஐ மூன்றாவது கியரில் போட்டுவிட்டு வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கலாம், கேட்ட இடத்தில் இழுவை வரும். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் நாதஸ்வரத்துக்குத் தவிலை எடுத்துவிட்டு மிருதங்கம் வைத்த மாதிரி எனக்குத் தோன்றும். வாசிப்பவர் வித்வானாகவே இருக்கட்டும்; அந்தக் குழல் எந்தக் கருவியோடு வளர்ந்ததோ அது மேடையில் இல்லை.

எல்லாக் காருக்கும் இதே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. ஏசி கோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஏசி ஏஸ் என்ற மெல்லிய காருக்குப் பிரிஸ்டல் இன்ஜின் கிடைக்காமல் போன சமயத்தில், 1962-ல் கரோல் ஷெல்பி அதில் ஃபோர்டு வி8-ஐ வைத்தார். இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் அந்த 'ஒரிஜினல்', பிறப்பிலேயே இன்ஜின் ஸ்வாப். நிசான் 1969-ல் ஃபேர்லேடி இசட் காரைக் கொண்டுவந்தபோது, ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 இன்ஜினை வைத்து இசட்432 என்று ஒன்றைத் தானே விற்றது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. அந்த நீண்ட பானெட் ஆறு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்துவதற்காக நீண்டது. ஆகவே இதே இசட் வரிசையின் 240இசட்-ல் அதன் சொந்த இன்ஜின் குடும்பத்தின் 2.8 லிட்டர் இன்ஜினைப் பார்த்தால் நான் முகம் சுளிக்க மாட்டேன். பிற்கால ஜிடி-ஆரின் ஆர்பி26-ஐப் பார்த்தாலும் பெரிதாக வருத்தப்பட மாட்டேன்.

எம்ஜிபி இன்னும் சுவாரசியம். அதன் இரும்பு நான்கு சிலிண்டர் இன்ஜின் பிஎம்சி-யின் பி-சீரீஸ்; நம் அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். பியூக் கைவிட்ட அலுமினிய வி8-ஐ ரோவர் வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. அது எம்ஜிபி-க்குள் போனபோது எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, பலம் மட்டும் கூடியது. கென் கோஸ்டெல்லோ என்பவர் தன் ஒர்க்‌ஷாப்பில் செய்துகாட்டிய பிறகு, 1973-ல் தொழிற்சாலையே வி8 எம்ஜிபி-யை விற்றது. அம்பாசடருக்கும் 1990-களின் தொடக்கத்தில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. அதற்கும் முன்பிருந்தே நம் ஊர் மெக்கானிக்குகள் பெட்ரோல் கார்களில் டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். டாக்ஸிக்காரரின் அன்றாடக் கணக்கு அதைக் கேட்டது.

ஒரிஜினலா மாற்றியதா என்ற பேச்சில் வரும், பிளாக்கில் பொறித்த எண்ணும் சேஸி எண்ணும் பொருந்துகிறதா என்ற 'மேட்சிங் நம்பர்ஸ்' விவகாரம் பெரும்பாலும் விலைக்கான பேச்சு. வாங்கப் போகிறவர் கவனிக்கட்டும்.

எஃப்டி-க்குத் திரும்பினால், என் தீர்ப்பு பக்கச்சார்பானதுதான். இது ரோட்டரிக்காக மட்டுமே இருக்கக்கூடிய உருவம். 2002-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஒவ்வொரு ஒரிஜினல் இன்ஜினும் இறங்கும்போது, அந்த இரட்டைத் தள்ளலை அடுத்த தலைமுறை அனுபவிக்கும் வாய்ப்பும் ஒன்று குறைகிறது. ஏற்கெனவே இன்ஜின் செத்து, வெறும் கூடாகக் கிடந்த எஃப்டி-க்கு யாராவது எல்எஸ் வைத்து மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தால் அவருக்கு என் நன்றி. உயிரோடு இருக்கும் ரோட்டரியைக் கழற்றப் போகிறவரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். ஸ்பேனரை எடுக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். சாதாரண மீட்டர் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்ட்டர் வேண்டும். அது கிடைக்காவிட்டால், பெட்ரோல் வராமல் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் கேளுங்கள். மூச்சு விடுவது ஒரே சீராக வந்தால் சீல்கள் உயிரோடிருக்க நல்ல வாய்ப்பு. இடையில் ஒரு மூச்சு விழுந்தால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. போயிருந்தாலும் இன்ஜினைப் பிரித்துக் கட்டலாம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-களுக்கான பாகங்கள் சிலவற்றை 2020-ல் மாஸ்டாவே மறுபடி தயாரித்து விற்க முன்வந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து, செலவைக் கணக்குப் போட்டு, நல்ல நிலையில் இருக்கும் ஒரு ரோட்டரி இன்ஜினை 7,000 ஆர்பிஎம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வி8-க்கு ஆர்டர் கொடுங்கள்.