புலி கணக்கு... டீசல் கணக்கு!

2012-ம் வருஷம் மதுரையில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரன்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்று ஆரம்பித்து, பிறகு அந்த நேர ஒழுங்கும் போய், ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். வில்லாபுரத்தில் அப்போது நான் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு செல்போன் டவர். கரன்ட் போன அடுத்த நிமிஷம், அதன் ஜெனரேட்டர் 'டடடட'வென்று எழுந்துவிடும். புகை நேராக எங்கள் அடுப்படிக்கு வரும். குழந்தை இருமும். வியர்வையில் புரண்டு படுத்தபடி செல்போனைப் பார்த்தால், சிக்னல் மட்டும் முழுசாக நிற்கும்!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த வீட்டுக்கார அக்காவிடம் போய் நின்றேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்கு ஊரில் எல்லா டவர்களும் அப்படித்தான் ஓடின.

"நான் என்னப்பா செய்யட்டும்? எடம் மட்டுந்தான் எங்களுது. டவரு ஒரு கம்பெனிக்காரய்ங்களோடது. அதுல மாட்டியிருக்க டப்பா வேற கம்பெனிக்காரய்ங்களோடது. டீசல் ஊத்த வர்ற பையன் கான்ட்ராக்ட்காரன்கிட்ட சம்பளம் வாங்குறான். இதுல யாருட்டப் போய்ச் சொல்லச் சொல்ற?"

மூன்று வருஷம் பி.காம் படித்தவன் நான். பேரேடு, நாளேடு, தேய்மானம் எல்லாம் மனப்பாடம். ஆனால் நம் நாட்டுத் தொலைத்தொடர்புத் தொழிலின் பாலன்ஸ் ஷீட்டை அந்த அக்கா அளவுக்குத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய விளம்பரத்தைக் கொஞ்சம் திரும்பப் பார்ப்போம். 2010-ம் வருஷத் தொடக்கம். டி.வி-யில் ஒரு புலிக்குட்டி, வராமல் போன அம்மாவுக்காகக் காத்திருக்கும். இந்தியாவில் மிச்சமிருப்பது 1,411 புலிகள்தான் என்று ஓர் எண் வந்து நிற்கும். டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்போடு கைகோத்து அதைக் கொடுத்தது ஏர்செல். பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் 1411, 1411 என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். விளம்பரம் என்ற அளவில் அதற்கு நான் முழு மார்க் போடுவேன். 2022 கணக்கெடுப்பில் புலிகளின் எண்ணிக்கை 3,682 என்று வந்திருக்கிறது. அதற்கான பாராட்டு வனத்துறைக்கும் காவலர்களுக்கும்தான் முதலில் போக வேண்டும். ஆனாலும் ஊரையே புலியைப் பற்றிப் பேச வைத்ததில் அந்த விளம்பரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மறுக்க மாட்டேன்.

அதே 2010 ஜனவரியில் ஏர்செல் இன்னொரு காரியமும் செய்தது. தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜி.டி.எல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்குச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது. புலி பற்றி எல்லோருக்கும் தெரியும். டவர் விற்றது பிசினஸ் பக்கத்தோடு போய்விட்டது. வியாபாரமாகப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ஒரே டவரை நாலு கம்பெனிகள் பகிர்ந்துகொண்டால் இரும்பும் மிச்சம், டீசலும் மிச்சம். ஆனால், டவரோடு சேர்த்து வேறொன்றும் கைமாறிவிட்டது. ஜெனரேட்டர், புகை, சத்தம், பக்கத்து வீட்டுக்காரரின் திட்டு... இவை எதுவும் இனி தன் கணக்கில் இல்லை என்று ஓர் ஆபரேட்டர் சொல்லிக்கொள்ளலாம். சிம் கார்டு என்னுடையது, புகை இன்னொருத்தனுடையது! ஏர்செல் என்றில்லை, பெரிய கம்பெனிகள் பலவும் டவரைத் தனிக் கம்பெனியாகப் பிரித்த காலம் அது.

ஏர்செல் செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. 2003 வரை, நமக்கு வருகிற காலுக்கும் நாமே காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் செல்போன் சாதாரண ஜனங்களின் சட்டைப் பைக்கு வந்தது. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று டவர்கள் நட்டுக்கொண்டே போன நாட்களில், பூ மார்க்கெட் விலையைக் கேட்டுவிட்டு மல்லிகை பறிக்கப் போனவர்கள் எத்தனை பேர்! டவரே வேண்டாம் என்று சொல்பவனில்லை நான். டவருக்கு என்ன ஊற்றி ஓட்டினீர்கள் என்பதுதான் என் கேள்வி.

டிராய் 2011-ல் ஒரு கணக்குப் போட்டது. நாட்டின் டவர்கள் வருஷத்துக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீசல் குடிக்கின்றன என்றது. அன்றைக்கு டீசலுக்கு மானியம் இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று அரசாங்கம் பொறுத்துக்கொண்ட செலவில், டவரும் வரிசையில் நின்று குடித்தது. 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. 2015-க்குள் கிராமப்புற டவர்களில் பாதியும், நகரத்து டவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் சூரிய சக்தி மாதிரியான மின்சாரத்தையும் சேர்த்து ஓட வேண்டும் என்றது. 2015 வந்தது, போனது. 2017-ல் டிராய் மறுபடி உட்கார்ந்து புது இலக்குகளைப் பரிந்துரை செய்தது. வெயிலுக்கா பஞ்சம்? பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே எழும்பிவிட்டது.

எங்கள் தெருவில் ஜெனரேட்டர் சத்தம் பிற்பாடு குறைந்தது உண்மைதான். காரணம், மின்வெட்டு குறைந்தது. அந்தப் பெருமை கம்பெனிக்கு அல்ல, மின்வாரியத்துக்கு.

சரி, 'சமூகப் பொறுப்பு' என்று சட்டமே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம், பிரிவு 135. பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து அமல். இதில் இரண்டு இடங்களை ஒரு பி.காம்காரன் பார்வையில் பாருங்கள். ஒன்று, லாபத்தில்தான் 2 சதவிகிதம். விற்றுவரவு ஆயிரம் கோடி தாண்டினாலும், மூன்று வருஷமும் நஷ்டம் என்றால் செலவிட வேண்டிய தொகை பூஜ்யம். 2021 ஜனவரி வரை கமிட்டி போட வேண்டியிருந்தது, காசு போட வேண்டியிருக்கவில்லை! கடைசி வருஷங்களில் நஷ்டத்தில் ஓடிய ஏர்செல்லுக்குச் சட்டம் வைத்த பொறுப்பு அவ்வளவுதான்.

இன்னொன்றுதான் எனக்கு இன்னும் வேடிக்கை. தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்கிற வேலையை இந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்கின்றன விதிகள். விளம்பரச் செலவையும் சம்பளத்தையும் சமூக சேவை என்று எழுதிவிடக் கூடாதே என்ற நியாயமான பயம். ஆனால் விளைவு என்ன? எங்கோ ஓர் ஊரில் மரக்கன்று நட்டால் அது சமூகப் பொறுப்பு. தன் டவரின் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு சோலார் தகடு மாட்டினால் அது வெறும் தொழில் செலவு!

நாமும் ஒரு வேலை செய்தோம். டவர் என்றாலே கதிர்வீச்சு, கேன்சர், சிட்டுக்குருவி என்று பேசிக்கொண்டிருந்தோம். 2018-ல் ஷங்கரின் '2.0' படம் வந்தபோது செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகாரே கொடுத்தது. கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012 செப்டம்பரில் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. சிட்டுக்குருவி மறைந்ததற்கு டவர்தான் காரணம் என்று இதுவரை நிரூபணம் இல்லை. மூக்கில் ஏறிய புகைக்கு எந்த நிரூபணமும் தேவைப்படவில்லை. அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

2018 பிப்ரவரி 21. தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் செத்தது. டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் 1900-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்ப வேண்டும். அனுப்பச் சிக்னல் வேண்டுமே! பேங்க், கேஸ், ஆதார் என்று எல்லாமே அந்த நம்பரில். கடை கடையாக ஜனங்கள் முற்றுகை. மாற்றுவழியில் மாறுதல் எண் கொடுக்கச் சொல்லி டிராய் தலையிட வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில், 28-ம் தேதி, சுமார் 15,500 கோடி ரூபாய் கடனோடு திவால் மனு. 2010-ல் விற்ற டவர்களை வாங்கிய ஜி.டி.எல்-லுக்கும் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். ஆயிரக்கணக்கான டவர்கள் காலியாயின.

திவால் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் பேங்குகள் நிற்கும். ரீசார்ஜ் விற்ற பெட்டிக்கடைக்காரரும், மாடியை வாடகைக்கு விட்டவரும் பின்னால் ரொம்ப தூரத்தில் நிற்பார்கள். ஐம்பது ரூபாய் பேலன்ஸ் வைத்திருந்தவர் அந்த வரிசைக்கே போக மாட்டார். புலிக்கு ஒரு விளம்பரம் எடுத்த தொழில், இவர்களுக்காக ஒரு சின்ன வைப்புநிதிகூட ஒதுக்கி வைக்கவில்லை. அரசாங்கமும் கேட்கவில்லை.

போன மாதம் வில்லாபுரம் பக்கம் போனேன். டவர் அப்படியே நிற்கிறது. அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது.

"5ஜி மாட்டப் போறாய்ங்களாம்ப்பா. நாலு பேரு வந்து மொட்டை மாடிய அளந்துட்டுப் போனாய்ங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டேன். 'சப்-கான்ட்ராக்ட்டுக்கா'ன்னாய்ங்க."

"ஜெனரேட்டர்?"

"அது இந்தா மூலையில கெடக்கு. யாருதுன்னு தெரியல, எடுத்துட்டுப் போகவும் ஆள் வரல."